நடைபாதையில் சக்கர நாற்காலி போகுமா? ரசமட்டம் வைத்து அளந்து பாருங்கள்

"எளிதான பாதை" என்ற அறிவிப்புப் பலகை நடப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சக்கர நாற்காலிக்கு ஏற்றதா என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். ரசமட்டம் (குமிழி நடுவில் நின்றால் சமதளம் என்று காட்டும் கருவி), ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர் (மரச்சட்டம்), டேப், குறிப்பேடு போதும்.

1. பாதையின் வாயிலில் அல்ல, பேருந்து நிறுத்தத்திலேயே அளவைத் தொடங்குங்கள். காரில் வந்தால்தான் எட்டும் என்றால் அது எல்லோருக்குமான இடமல்ல, வண்டிப் புகையும் குறையாது. நடுவில் 15 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு படி இருந்தாலும் தனியாக வருபவர் அங்கேயே நின்றுவிடுவார்.

2. ஏற்றம்: ரீப்பரை நீளவாக்கில் வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 5 செ.மீ. என்றால் 5%, அதுவரை நல்லது. 8.3 செ.மீ. என்றால் 12-க்கு 1, அதாவது 12 அடி தூரத்துக்கு 1 அடி உயரம். அது சிறு தூரத்துக்கு மட்டும். முடிவில் இளைப்பாற 1.5 மீட்டர் சமதளம் வேண்டும்.

3. பக்கவாட்டம்: பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மழைநீர் வடியப் பாதையை ஒருபக்கமாகச் சாய்த்திருப்பார்கள். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நாற்காலியின் முன்சக்கரங்கள் தாமாகத் திரும்புபவை என்பதால் வண்டி தாழ்ந்த பக்கமே இழுக்கும். நேராகப் போக ஒரு கை ஓயாமல் தள்ள, மறு கை பிடித்து நிறுத்த வேண்டும், தோள் கடுத்துவிடும். ரீப்பரைக் குறுக்கே வைத்து அளங்கள். 2 செ.மீ. சரி. மண்பாதையில் அது கடினம்தான், ஆனாலும் 5-ஐத் தாண்டக் கூடாது. இருபது அடிக்கு ஒருமுறையும் எல்லா வளைவுகளிலும் அளங்கள். சராசரி வேண்டாம், மிக மோசமான இடத்தின் அளவே பாதையின் அளவு.

4. அகலம்: குறைந்தது 90 செ.மீ. இரண்டு நாற்காலிகள் விலகிப் போக 1.5 மீட்டர். பைக் நுழையாமலிருக்க நட்ட கம்பங்களின் நடுவிலும் அளக்க மறக்காதீர்கள்.

5. தரை: குதிகாலை ஊன்றித் திருகுங்கள். குழி விழுந்தால் முன்சக்கரம் புதையும். உதிரி ஜல்லியைவிடக் கல்தூள் கலந்து திமிசு போட்ட (இடித்து இறுக்கிய) ஜல்லியே என் தேர்வு. மழைக்கு மறுநாளும் பாருங்கள்.

"ஏற்றது" என்று மட்டும் எழுதாமல் எண்களையே வெளியிடுங்கள். கையால் தள்ளுபவருக்கு முடியாத ஏற்றத்தில் பேட்டரி நாற்காலி ஏறக்கூடும்.

பிற்சேர்க்கை: கைபேசிச் செயலியால் அளப்பவர்கள், அது காட்டுவது பாகையா சதவீதமா என்று முதலில் பாருங்கள். 5 பாகை என்பது 5% அல்ல, ஏறத்தாழ 8.7%.