'டைம் அவுட்' ஆல்பத்தில் தாளம் பிடிப்பது எப்படி? (புதிதாகக் கேட்பவர்களுக்கு)

கூல் ஜாஸ் (ஆர்ப்பாட்டமில்லாத, நிதானமான ஜாஸ் பாணி) என்று பேச்செடுத்தாலே பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு (குவார்ட்டெட்) வாசித்த 'டைம் அவுட்' வந்து நிற்கும். 1959 டிசம்பரில் வெளியான ஆல்பம். கேட்டவர்கள் இரண்டு கட்சி. “ஓட்டல் லாபி மியூசிக், காபி ஆறுவதற்குள் மறந்துவிடும்” என்பது ஒன்று. “இது இசையா, கணக்கு வாத்தியார் வேலையா?” என்பது மற்றொன்று. ஒரே ஆல்பம் ஒருவருக்கு ரொம்ப லேசாகவும் இன்னொருவருக்கு ரொம்பக் கடினமாகவும் எப்படித் தெரிகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் பல வருடம் லாபி கட்சி. போன மாதம் உட்கார்ந்து தாளத்தை எண்ணிப் பிடித்த பிறகுதான் கட்சி மாறினேன். எப்படிப் பிடித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

படி 1: சரியான பதிவை எடுங்கள்

1959-ல் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பதிவானதுதான் வேண்டும். (அதே வருடம் அதே ஸ்டுடியோவில்தான் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் புளூ'வும் பதிவானது. என்ன வருடம் அது!) அதில் உள்ள 'டேக் ஃபைவ்' என்ற பாட்டு 5 நிமிடம் 24 விநாடி இருந்தால் சரியான பதிவு.

பிற்சேர்க்கை: “நீங்கள் சொன்னபடி எண்ணினேன், பாட்டு என்னை விட்டு ஓடிவிடுகிறது” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், இருவரும் கேட்டது 1963 கார்னகி ஹால் கச்சேரிப் பதிவு. அதில் வேகம் மிக அதிகம். அது அருமையான கச்சேரிதான், ஆனால் பழகுவதற்கு ஆகாது.

படி 2: எதில் கேட்பது

வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். குழுவின் யூஜின் ரைட் வாசிக்கும் பாஸ் (கீழ்ச் சுரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியம்) அதில் காணாமல் போய்விடும், நமக்கு வேண்டியதோ அந்த பாஸ்தான். மெட்ரோனோம் ஆப் தேவையில்லை. அது 'டிக் டிக்' என்று எல்லா அடியையும் ஒன்றுபோலக் காட்டும், எங்கே பிரிகிறது என்று சொல்லாது. தொடையும் உள்ளங்கையும் அதைவிட நல்ல கருவி. வேகம் தாங்கவில்லை என்றால் யூடியூபில் 0.75 வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 3: 'டேக் ஃபைவ்' (நான் மாட்டிக்கொண்ட இடம்)

பெயரிலேயே 5 இருக்கிறது, ஒரு சுற்றுக்கு ஐந்து அடி. சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்க வகுப்புக்குப் போனவன் நான். ஐந்து என்றதும் கை தானாகக் கண்ட சாபு (கர்நாடக இசையின் ஐந்தடித் தாளம்) போட ஆரம்பித்தது: தக தகிட, தக தகிட. கணக்கு சரி. சுற்று முடிகிற இடமும் சரி. ஆனால் எங்கோ கல் கடித்துக்கொண்டே இருந்தது. முதல் முறை பதிவின் மேல் சந்தேகப்பட்டேன், இரண்டாம் முறை என் காதின் மேல். மூன்று நாள் இப்படியே போயிற்று.

விஷயம் இதுதான். கண்ட சாபு 2+3. 'டேக் ஃபைவ்' 3+2. அதாவது தகிட தக, தகிட தக. என் கை மூன்றாவது அடியில் அழுத்தத்தை எதிர்பார்த்தது, பாஸோ நான்காவதில் விழுந்தது.

சரிபார்க்கும் வழி: பாட்டு டிரம்ஸோடு தொடங்கும். அப்புறம் பியானோ, அப்புறம் பாஸ். சாக்ஸ் வரும் வரை காத்திருக்காமல் பியானோவையும் பாஸையும் மட்டும் பிடியுங்கள். அது இரண்டே கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஊஞ்சல் மாதிரி ஆடும். முதல் கார்டுக்கு 'தகிட', இரண்டாவதற்கு 'தக'. இரண்டு 'த'வும் பாஸ் விழும் இடத்தில் உட்கார்ந்தால் பிடித்துவிட்டீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் எண்ணினால் பத்துச் சுற்றில் நழுவிவிடும். எனக்கு நழுவியது.

எண்ணிக்கை நாக்கில் ஏறிய பிறகு பால் டெஸ்மண்டின் சாக்ஸைக் கேளுங்கள். இந்த மெட்டு அவருடையது, ஆல்பத்தில் அவர் எழுதியது இது ஒன்றுதான். தன் வாத்தியம் 'டிரை மார்ட்டினி' போல ஒலிக்க வேண்டும் என்று சொன்னவர். அந்த ஆள் ஐந்தடிக்குள் அடைபட்டு நிற்கவே மாட்டார், சுற்று முடிவதைக் கண்டுகொள்ளாமல் அதன் மேலேயே நடந்து போவார். லாபி கட்சிக்குக் கேட்பது அந்த வழவழப்பு மட்டும்தான். (1977-ல் இறந்த டெஸ்மண்ட், இந்தப் பாட்டின் ராயல்டியை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.)

படி 4: அந்த டிரம் சோலோ

“டிரம்ஸ் ரொம்ப நீளம், ஓட்டிவிடுவேன்” என்பது அடிக்கடி கேட்கிற புகார். 1961-ல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 25-வது இடம் வரை போன சிங்கிளிலேயே (தனிப் பாட்டாக வெளியான சுருக்கப் பதிவு) அதைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள், ஆகவே இந்தப் புகார் பழையது. தயவுசெய்து ஓட்டாதீர்கள். சோலோ முழுக்கப் புரூபெக்கின் பியானோ அதே 'தகிட தக'வை விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ எங்கே அடிக்கிறார் என்று பார்க்காமல், எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள். ஓர் அடி, பிறகு நீண்ட மௌனம், மறுபடி ஓர் அடி. கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் 'கார்வை' (சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமே இல்லை.

படி 5: 'புளூ ரோண்டோ ஆ லா டர்க்'

ஆல்பத்தின் முதல் பாட்டு. எல்லோரும் பயமுறுத்துவது இதைத்தான். 1958-ல் ஐரோப்பா, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றுப்பயணம் போனபோது, இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பதடித் தாளம் இது. 2+2+2+3. அதை மூன்று முறை வாசித்துவிட்டு, நான்காவது முறை 3+3+3.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சங்கீர்ண (ஒன்பதடி) சொற்கட்டு 'தகதிமி தகதகிட' அப்படியே 2+2+2+3 தானே! இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

தகதிமி தகதகிட
தகதிமி தகதகிட
தகதிமி தகதகிட
தகிட தகிட தகிட

சுலபம் என்று நான் நினைத்த 'டேக் ஃபைவ்' என்னை மூன்று நாள் உட்காரவைத்தது. பயமுறுத்திய இது பத்து நிமிடத்தில் நாக்குக்கு வந்துவிட்டது. நடுவில் திடீரென்று சாதாரண நாலடிக்கு மாறி, சாக்ஸ் ஒரு புளூஸுக்குள் நுழையும். அங்கே எண்ணுவதை விட்டுவிடுங்கள். கணக்கு வாத்தியார் கட்சிக்கு என் ஒரே கேள்வி: இந்த இடத்தில் கால் ஆடவில்லையா?

அந்தக் கட்சிக்குப் பெரிய ஆட்களும் உண்டு. வெளியான சமயத்தில் டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகையே 5-க்கு 2 நட்சத்திரம்தான் கொடுத்தது. கொலம்பியா நிறுவனத்திலும் பலருக்குத் தயக்கம். எல்லாம் புது மெட்டு, விசித்திரத் தாளம், அட்டையில் வேறு அருவ ஓவியம், யார் வாங்குவார்கள் என்று. பிறகு பத்து லட்சம் பிரதி விற்றது.

படி 6: மிச்சம்

'த்ரீ டு கெட் ரெடி': தொடக்கம் தாண்டியதும் தகிட தகிட தகதிமி தகதிமி. அவ்வளவுதான். 'பிக் அப் ஸ்டிக்ஸ்': ஆறடி, பாஸ் திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிப்பதால் தொலைந்துபோக வழியில்லை. 'எவ்ரிபடிஸ் ஜம்பின்' எனக்கு ஒட்டவில்லை, அடிக்க வராதீர்கள். 'கேத்தீஸ் வால்ட்ஸ்' புரூபெக்கின் மகள் பெயரில் வந்தது, அவள் பெயரின் முதல் எழுத்தை அட்டையில் தப்பாகப் போட்டுவிட்டார்கள்.

பிற்சேர்க்கை 2: “'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்' பியானோவுக்கு எத்தனை அடி? எப்படிப் போட்டாலும் வரவில்லை” என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது ஐயா. முதல் இரண்டு நிமிடம் தாளமே கிடையாது, புரூபெக் தனியாக இஷ்டத்துக்கு இழுத்தும் நிறுத்தியும் வாசிக்கிறார், நம்முடைய ஆலாபனை மாதிரி. மற்றவர்கள் சேரும்போதுதான் நாலடி வரும். அதுவரை கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.