வியர்வையை எடை போட்டுப் பாருங்கள்: சென்னையில் ட்ரையத்லான் பயிற்சி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போனால், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்குத் தயாராகிறவர்களின் சைக்கிள்கள் வரிசையாக வரும். பலருடைய ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னக் கணினி வாட், இதயத்துடிப்பு, சராசரி வேகம் என எல்லாவற்றையும் அளக்கும். “ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு எவ்வளவு வியர்க்கும்?” என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இந்த ஊரில் பயிற்சியும் போட்டியும் கெடுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஓர் எண் தெரியாததுதான். மீதிப் பாதி, குளிர் நாட்டில் எழுதிய அட்டவணையை அப்படியே இறக்கிக்கொண்டு, அதிலுள்ள வேகத்தையும் தண்ணீர்க் கணக்கையும் சென்னைக் காற்றில் செய்துபார்ப்பது.

விடியற்காலை என்றால் குளிர்ச்சி என்ற நினைப்பு

மே மாதம் காலை 5 மணிக்கு வெப்பநிலை 28 டிகிரி. மதியம் 38-ஐத் தொடப்போகும் ஊரில் இது சுகமாகத்தான் தெரியும். ஆனால் காற்றின் ஈரப்பதம் நாளிலேயே உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகும்போது மட்டும். ஒரு லிட்டர் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். அதே ஒரு லிட்டர் முழங்கை வழியாகச் சொட்டித் தரையில் விழுந்தால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம், சூடு உள்ளேயே நிற்கும்.

காலையில் ஓடுவது தவறில்லை, வெயில் இல்லாததே பெரிய லாபம். ஜனவரி வேகத்தை மே மாதத்திலும் எதிர்பார்ப்பதுதான் தவறு. வானிலைச் செயலியில் வெப்பநிலையைவிட ‘டியூ பாயின்ட்’ என்று வரும் பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைப் பாருங்கள். அது 24 டிகிரியைத் தாண்டிவிட்டால் கடிகாரத்தை மறந்துவிட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தில் நிம்மதியாக ஓடுபவருக்கு அப்படிப்பட்ட நாளில் அதே முயற்சி 6 நிமிடத்தில் வந்து நிற்கலாம். இது உடல் தளர்ந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. ரத்தத்தில் ஒரு பங்கு சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போகிறது, வியர்க்க வியர்க்க ரத்தத்தின் நீர் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால், ஈடுகட்ட இதயம் கூடுதலாக அடிக்கிறது. அதனால்தான் 138-ல் தொடங்கிய துடிப்பு, வேகம் மாறாமலேயே ஒரு மணி நேரத்தில் 155-க்கு ஏறிவிடுகிறது.

இதைக் கண்டுகொள்ளாமல் வேகத்தைப் பிடித்துவைத்தால் லேசான ஓட்டமாக இருக்க வேண்டியது நடுத்தரக் கடுமைக்கு ஏறிவிடும். வாரத்தில் நான்கு நாள் இப்படிப் போனால், வேகப் பயிற்சி நாளன்று காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. ‘220 கழித்தல் வயது’ கணக்கும் இங்கே கைகொடுக்காது, ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் அது லேசான ஓட்டம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் இல்லை.

தண்ணீரைக் கண்ணால் அளப்பது

“தாகம் எடுக்கும்முன் குடி”, “எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி” என்ற இரண்டும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஒருவருக்கு மணிக்கு 700 மில்லி வியர்க்கும், கூடவே ஓடும் இன்னொருவருக்கு 1.8 லிட்டர். அளந்து பார்ப்பது சுலபம், குளியலறை எடை இயந்திரம் ஒன்று போதும்.

சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். போட்டியில் போகும் அதே கடுமையில் ஒரு மணி நேரம் ஓடுங்கள், அல்லது சைக்கிள் ஓட்டுங்கள். குடிக்கும் தண்ணீரை அளந்து எடுத்துப்போங்கள். திரும்பியதும் உடையைக் கழற்றி, தலைமுடி உட்பட நன்றாகத் துவட்டிவிட்டு மறுபடி எடை பாருங்கள். நனைந்த பனியனோடு நின்றால் கணக்கு கெட்டுவிடும், அதிலேயே கால் கிலோ வியர்வை தங்கியிருக்கும்.

போகும்போது 68.4 கிலோ, வரும்போது 67.5, நடுவில் குடித்தது 400 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 0.9 கிலோ குறைந்ததோடு குடித்த 0.4 லிட்டரைக் கூட்டினால், மணிக்கு 1.3 லிட்டர். மூன்று மணி நேர சைக்கிள் பயணத்துக்கு 3.9 லிட்டர் போகும். அவ்வளவையும் திரும்ப ஊற்ற வேண்டியதில்லை. உடல் எடையில் 2 சதவீதம், அதாவது இவருக்குச் சுமார் 1.4 கிலோ, குறைவதை உடம்பு தாங்கும். மீதி 2.5 லிட்டர், மணிக்கு 830 மில்லி சொச்சம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு. ஓட்டத்தில் வயிறு இவ்வளவு வாங்காது, சைக்கிளில் காற்றுபட்டு வியர்வை வேகமாக உலரும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை.

ஓடிவிட்டு வந்த பிறகு எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. தேவைக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவது ஹைப்போநட்ரீமியா. தலைவலி, குமட்டல், விரல் மோதிரம் இறுகுவது, குழப்பம் என்று தொடங்கி வலிப்புவரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இது இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். மெதுவாக ஓடி, வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கோப்பை குடிப்பவர்தான் இங்கே ஆபத்தில் இருக்கிறார், முன்னால் பறப்பவர் இல்லை.

உப்பு, இளநீர், ‘ஓ.ஆர்.எஸ்’

கறுப்பு டி-ஷர்ட் காய்ந்ததும் முதுகில் வெள்ளையாக வரைபடம் விழுகிறதா? ஹெல்மெட் பட்டை விறைத்துப்போய் உப்புப் பொரிகிறதா? உங்கள் வியர்வையில் உப்பு அதிகம். பொதுவாக ஒரு லிட்டர் வியர்வையில் 500 மில்லிகிராமிலிருந்து 1,500 மில்லிகிராம்வரை சோடியம் போகும்.

இதை இளநீரால் ஈடுகட்டலாம் என்று நினைப்பது நம் ஊருக்கே உரிய தவறு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் ஏராளமாக இருப்பது பொட்டாசியம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். பயிற்சி முடிந்து இளநீர் குடியுங்கள், கூடவே உப்புப் போட்ட நீர்மோரும் இருக்கட்டும்.

அடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பழச்சுவை டப்பாக்களை ஓ.ஆர்.எஸ் என்று நம்பி வாங்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். பழச்சுவை டப்பாக்கள் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு, உப்பு கொஞ்சம். அந்தக் கலவைக்கு ஒத்துவராத பானங்களில் இந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சரியான பாக்கெட்டை வாங்கினாலும், ஒரு லிட்டருக்கானதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செறிவாகக் குடித்தால் வயிறு பிசையும், ஓட்டத்தின் நடுவில் கழிப்பறை தேட வேண்டிவரும். இன்னொன்று, ஓ.ஆர்.எஸ்ஸில் சக்தி குறைவு. ஒரு லிட்டர் முழுதும் குடித்தாலும் 54 கிலோகலோரிதான்.

வீட்டிலேயே கலக்கலாம். 750 மில்லி தண்ணீருக்கு 45 கிராம் சர்க்கரை, 1.5 கிராம் உப்பு, அரை எலுமிச்சை. சோடியம் சுமார் 590 மில்லிகிராம், சர்க்கரை 6 சதவீதம். ஸ்பூன் கணக்கை நம்ப வேண்டாம். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் வேறு வேறு எடை நிற்கும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பொட்டலமாக மடித்து வைத்தால் வாரம் முழுதும் தொல்லையில்லை. ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

பொங்கல் வடை கடைசியில்

மூன்று மணி நேரம் வெறும் தண்ணீரில் ஓட்டிவிட்டு, திரும்பும் வழியில் நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும். சாப்பாட்டில் குற்றமில்லை, வரிசைதான் தலைகீழ். தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டும் எந்தப் பயிற்சிக்கும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து நடுவிலேயே உள்ளே போக வேண்டும். அரை அயர்ன்மேன் தூரத்துக்கு, அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டத்துக்கு, 60-ஐத் தாண்டிப் போக வேண்டியிருக்கலாம். குளுக்கோஸை மட்டும் நம்பினால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது, ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருக்கிறது. சாதாரணச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதி என்பதால், மேலே சொன்ன பாட்டில் மட்டமான தயாரிப்பு இல்லை.

நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் கிடைக்கும், ஏலக்கியில் அதில் பாதிதான். கடலை மிட்டாய் பாக்கெட்டில் வைக்க வசதி, ஆனால் நிலக்கடலையின் கொழுப்பு வயிற்றில் தங்கும். மெதுவான பயணத்துக்கு ஆகும், போட்டி வேகத்துக்கு ஆகாது. எதுவானாலும் போட்டியன்று முதல்முறை சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். குடலும் பழக்க வேண்டிய உறுப்புதான், எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

ஏசியில் தயாராகி வெயிலில் இறங்குவது

வீட்டில் ஏசி, அலுவலகத்தில் ஏசி, மாலையில் ஏசி அறையில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னர் சைக்கிள். சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கும் இப்படி வாழ்ந்தால் வெப்பப் பழக்கம் இருக்காது. போட்டிக்கு முன் 10 முதல் 14 நாள், தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வியர்க்க வியர்க்க லேசான பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் போய்விடும்.

மாத்திரையும் ‘கேஸும்’

முட்டிவலி வரும் என்று பயந்து, போட்டிக்கு முன்பே டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போடுவது சாதாரணமாகிவிட்டது. இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். உடம்பு வறண்டு, தசை சிதையும் நேரத்தில் இது சிறுநீரகத்தையே முடக்கலாம். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மேடு ஏறும்போது வந்து நின்றால் போகும் அழுத்தம். இதற்குச் சொல்லப்படும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “ஒண்ணுமில்லைண்ணா, கேஸ்தான்.” ஒரு சோடாவோ ஜெலுசிலோ குடித்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். வாயுவா இதயமா என்று கடற்கரையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, ஈசிஜி எடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும் நீண்ட தூரத்துக்கு இறங்கும்முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

வெப்பத்தாக்கு வந்தவரைக் கண்டால்: பேச்சு குழறும், நடை தள்ளாடும், கோபப்படுவார். வியர்வை நிற்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓடும்போது வருவதில் வியர்வை ஒழுகிக்கொண்டே இருக்கும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா இருக்காமல் குளிர்விக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் தலை மேலே இருக்கும்படி பிடித்துக் கழுத்துவரை இறக்குங்கள். இல்லையென்றால் பக்கெட் பக்கெட்டாக ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் இதில் பயன்படாது. நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

குளத்து நீச்சலும் வங்காள விரிகுடாவும்

வேளச்சேரி நீச்சல் குளத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நிற்காமல் போகிறவர் கடலிலும் போய்விடலாம் என்று நினைக்கிறார். குளத்தின் தரையில் கறுப்புக் கோடு உண்டு, கடலில் இல்லை. ஆறு முதல் பத்து வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே எடுத்து இலக்கைப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும், அதைக் குளத்திலேயே பழகலாம். நம் கரையில் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவமழையின்போது தெற்கே. இறங்கிய இடத்திலேயே ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மெரினா குளிப்பதற்கான இடம் இல்லை. வேறெங்கு இறங்கினாலும் துணைக்குப் படகு, கலர் மிதவை, கடலை அறிந்த மீனவர் ஒருவரின் சொல், மூன்றும் வேண்டும். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

சைக்கிளுக்கும் உப்பு ஆகாது. டிரெய்னரில் சொட்டும் வியர்வை ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட்செட் போல்ட்டில் இறங்கி, கழற்ற முடியாதபடி இறுக்கிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும்.

காபி, ஃபெர்ரிட்டின், காய்ச்சல்

காரணமே தெரியாமல் வேகம் குறைந்துகொண்டே போனால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்பு இருப்பு தீர்ந்திருக்கலாம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இது சகஜம். போட்டி முடிந்த கையோடும் காய்ச்சலின்போதும் எடுத்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். டிபனோடு ஃபில்டர் காபி குடிப்பது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம். மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் வெற்றிச் சின்னம் இல்லை, சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வது. எலும்பு முறியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் காலில் வெட்டுக்காயத்தோடு ஓடினால் எலிக்காய்ச்சல் வரலாம். டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரோஃபென், ஆஸ்பிரின் தொடக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். எந்தக் காய்ச்சலானாலும் ஓடி வியர்த்தால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான யோசனை, வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால் அந்த ஓட்டம் உயிருக்கே உலையாகலாம். காய்ச்சல் விட்ட பிறகும் தினமும் காலையில் படுக்கையைவிட்டு எழும்முன் நாடியைப் பிடித்து எண்ணுங்கள். வழக்கமாக 54 இருக்கும் இடத்தில் 62 வந்தால் அன்றைக்கு ஷூவைத் தொட வேண்டாம்.