சின்ன விமான நிலையத்தில் விளம்பரம்: பணம் வீணாகும் இடங்கள்

கோவை பீளமேட்டிலோ சேலம் காமலாபுரத்திலோ விமான நிலையத்துக்குள் தங்கள் பெயரில் ஒரு போர்டு இருக்க வேண்டும் என்ற ஆசை நம் பகுதித் தொழில்காரர்கள் பலருக்கு உண்டு. பம்ப்செட் செய்பவர், மனை விற்பவர், கல்லூரி நடத்துபவர், மருத்துவமனைக்காரர் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் இடம் கிடைத்ததும் பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். பணம் வீணாவது அதற்குப் பிறகுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, பயணி ஊருக்குள் வருகிறாரா, ஊரை விட்டுப் போகிறாரா என்பது. இதைக் கவனிக்காமல் ஒரே டிசைனை இரண்டு பக்கமும் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். புறப்பாட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் சற்று நேரத்தில் கொங்கு நாட்டிலேயே இருக்க மாட்டார். அவரிடம் காந்திபுரத்து ஓட்டலின் மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? அந்த போர்டு வெளியே வரும் வழியில் இருக்க வேண்டும். அதே ஓட்டல்காரர் பார்சல் அனுப்புகிறவர் என்றால், "சென்னைக்கும் அனுப்புகிறோம்" என்று உள்ளே போடலாம், அது சரி.

புறப்படுகிறவரிடம் நேரம் இருக்கிறது. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். செக்யூரிட்டி முடிந்து உட்கார்ந்த பிறகு ஆற அமரப் படிப்பார். யோசித்து வாங்குகிற பொருளை, அதாவது இயந்திரம், வீட்டுமனை, மேல்படிப்பு, அறுவை சிகிச்சை போன்றவற்றை அங்கே சொல்லலாம். வந்திறங்குகிறவர் வேறு மாதிரி. சேலத்துக்கு வருவது ஏடிஆர் ரக விமானம், எழுபது எண்பது இருக்கைக்குள்தான். கையில் ஒரு பையோடு இறங்கி, போனைக் காதில் வைத்து "வெளிய வந்துட்டேன், வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டபடியே போய்விடுவார். அவருக்குக் காட்ட உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு விநாடிகள். கோவையில் பெட்டிக்காக பெல்ட் அருகே நிற்கிறார்கள், கண்ணுக்கு வேறு வேலையில்லை. வருகைப் பக்கத்தில் ஒரே ஒரு இடம்தான் எடுக்க முடியும் என்றால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அடுத்தது கணக்கு. ஏஜென்சிக்காரர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். இந்திய விமான நிலைய ஆணையம் மாதாமாதம் ஒவ்வொரு நிலையத்தின் பயணிகள் எண்ணிக்கையையும் இணையத்தில் வெளியிடுகிறது. 2023-24 நிதியாண்டில் கோவை வழியாகப் பயணித்தவர்கள் சுமார் 29 லட்சம் பேர். இதில் வந்தவர், போனவர் இருவரும் சேர்த்தி. புறப்பாட்டு ஹாலில் இருக்கும் போர்டை ஏறக்குறைய பாதிப் பேர்தான் கடப்பார்கள், வருகைப் பக்கத்துக்கும் அதே கணக்குதான். சின்ன நிலையத்தில் இன்னும் எளிது. 78 இருக்கை விமானம் தினமும் ஒன்று, மாதம் முழுக்க நிரம்பியே போனாலும் 2,340 பேர். மாத வாடகையை இதால் வகுத்துப் பாருங்கள். பல லட்சம் ரூபாய் இயந்திரம் விற்பவருக்கு இந்த 2,340 பேரில் இரண்டு பேர் வந்தாலே போதும். பேக்கரிக்காரருக்குக் கட்டாது, அவர் அந்தக் காசில் பேருந்து நிலையத்தில் வைக்கலாம்.

டிசைன் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே வருத்தம். கல்யாண மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸையே விமான நிலையத்துக்கும் அடிக்கிறார்கள். மேலே சாமி படம், ஓரத்தில் முதலாளி படம், நடுவில் பொருள்கள் பன்னிரண்டு, கீழே ஈரோடு, கரூர், திருப்பூர், பொள்ளாச்சி கிளை முகவரிகள், ஐந்து போன் நம்பர். நின்று படிப்பவருக்கே இதில் எது முக்கியம் என்று பிடிபடாது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முப்பதடி தள்ளிப் படிக்க வேண்டியதை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் எழுதினால் தானாகவே பாதி விஷயம் கழிந்துவிடும். என்ன பொருள், எந்த ஊர், ஒரு நம்பர். அவ்வளவு போதும்.

விமான நிலையம் என்றாலே ஆங்கிலம் என்று நினைப்பதும் தவறு. ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகிறவர், பெங்களூர் மகள் வீட்டுக்குப் போகும் அம்மா, இவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாலக்காட்டுக்காரர்களும் கோவையில் வந்துதான் ஏறுகிறார்கள். மருத்துவமனை விளம்பரத்தில் மலையாளத்தில் ஒரு வரி இருந்தால் அது வீண் போகாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளைத் தேடி வரும் வெளிநாட்டு பையர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய சரக்கு என்றால் ஆங்கிலமே போதும். யாரிடம் பேசுகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் மொழியும் முடிவாகிவிடும்.

க்யூஆர் கோடு போடுகிறீர்களா, கைக்கெட்டும் உயரத்தில், நிற்க இடமிருக்கும் பக்கத்தில் போடுங்கள். பெல்ட்டுக்கு மேலே எட்டடி உயரத்தில் இருப்பதை யாரும் ஸ்கேன் செய்யப்போவதில்லை. இந்த போர்டுக்கென்றே தனியாக ஒரு நம்பர் வாங்கிப் போடுவதும் நல்லது. வருகிற அழைப்புகளை எண்ணினாலே அடுத்த வருடம் புதுப்பிக்கலாமா என்று தெரிந்துவிடும். அப்புறம், சின்ன நிலையத்தில் வாராவாரம் பறப்பவர்கள் அதே ஆட்கள்தான். வருடம் முழுக்க ஒரே படத்தைப் பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு அது சுவரோடு சுவராகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். விளம்பர இடங்களை டெண்டரில் எடுத்த ஏஜென்சிதான் உங்களுக்கு வாடகைக்கு விடும். அவர்கள் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று கேளுங்கள், உங்கள் காலம் அதைத் தாண்டக் கூடாது. கொட்டேஷனில் பிரின்ட், மாட்டும் கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்விளக்கு எரியாவிட்டால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பதையும் கேளுங்கள். சேலத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவன விமானம் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில்தான் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேவை திரும்பியது. இடையில் அங்கே போர்டு வைத்திருந்தால் பார்க்க ஆளே இருந்திருக்காது. விமானம் நின்றாலோ எண்ணிக்கை குறைந்தாலோ வாடகையும் நிற்கும் அல்லது குறையும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போன மேனேஜர் மாறிவிட்டால், அடுத்து வருபவர் எழுத்தில் உள்ளதைத்தான் பார்ப்பார்.