கயிற்றில் ஏறுவது கால்களின் வேலை

சாகசப் பந்தயத்துக்கு ஓட்டம், சைக்கிள், படகு என்று மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும் பலர், கயிற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பெங்களூருக்கு அருகே ராமநகரத்துக் கருங்கல் பாறையில் முதன்முறை ஏறியபோது காலை ஊன்றி எழும் என் கால்வளையம் தேவையைவிட ஒரு சாண் நீளமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அரை அடிகூட உயரவில்லை. பதினைந்து மீட்டர் ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. தோள்கள் இரண்டும் மரத்துப்போயின. அளவு பார்க்காமல் இப்போது நான் வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை.

ஏறுவதற்கு இரண்டு ஜூமார்கள் வேண்டும்; கயிற்றில் மேலே நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் கருவி அது. ஒன்று ஹார்னஸோடு, அதாவது உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டையோடு, சேர்ந்து நெஞ்சில் நிற்கும். மற்றது கைப்பிடி உள்ளது. அதிலிருந்து கால்வளையம் தொங்கும். வளையத்தில் கால் நீட்டி நேராக நிற்கும்போது கைஜூமார் நெஞ்சு ஜூமாருக்குச் சற்று மேலே இருந்தால் நீளம் சரி. கைஜூமாரை ஹார்னஸோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் அளந்துகொள்ளுங்கள். அதில் முழு எடையோடு தொங்கும்போது ஜூமாரின் பூட்டு கைக்கு எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் நடுவழியில் சிக்கிக்கொள்வீர்கள்.

ஏறும்போது உட்காருங்கள், கைஜூமாரை மேலே தள்ளுங்கள், முழங்கால்களை மடக்கிப் பாதங்களை இடுப்புக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள், எழுந்து நில்லுங்கள். கை சமநிலைக்கு மட்டுமே. பாதம் முன்னால் போனால் உடல் பின்னால் சாயும். பிறகு கைதான் இழுக்க வேண்டியிருக்கும். முதல் சில மீட்டர்களில் கீழ்க்கயிற்றுக்கு எடை இல்லாததால் அது நெஞ்சு ஜூமார் வழியே தானாக ஓடாது. தோழர் ஒருவர் அடிக்கயிற்றை இழுத்துப் பிடிக்கட்டும். தனியாக இருந்தால் இரு பாதங்களுக்கு இடையில் இடுக்கிக்கொள்ளுங்கள். பாறை விளிம்பில் கயிறு கல்லோடு அழுந்தி ஜூமார் நகர மறுக்கும். அங்கே பாதத்தால் பாறையை உதைத்துக் கயிற்றை விலக்குங்கள்.

6 மில்லிமீட்டர் நைலான் கயிற்று வளையம் இரண்டை எப்போதும் வைத்திருங்கள். ஜூமார் கைநழுவிப் போனால், ஆஸ்திரியாவின் கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சு அதன் வேலையைச் செய்யும். அந்த வளையத்தை முதன்மைக் கயிற்றில் மூன்று சுற்று சுற்றினால் போதும்.

இறங்குவது எளிது என்ற நினைப்புதான் எனக்குப் பயம் தருகிறது. கயிற்றில் இறங்க உதவும் எட்டு வடிவ டிசெண்டரைப் பந்தய அவசரத்தில் கீழே தவறவிடுபவர்கள் உண்டு. அதன் பெரிய வளையத்தை ஹார்னஸின் காரபினரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கியில்) மாட்டிக்கொண்டே கயிற்றைக் கோத்து, பிறகு சிறிய வளையத்துக்கு மாற்றுங்கள். ஒரு கணமும் அது கையை மட்டும் நம்பி இருக்காது. டிசெண்டரை ஒரு நாடாவால் நெஞ்சளவுக்கு உயர்த்தி, அதன் கீழே தானாகப் பிடிக்கும் முடிச்சு ஒன்றை ஹார்னஸோடு இணைத்துவிடுங்கள். முடிச்சு டிசெண்டரைத் தொடும் அளவுக்கு நீளக் கூடாது, தொட்டால் பிடிக்காது. தலைமுடியையும் சட்டை நுனியையும் உள்ளே செருகுங்கள். சீராக இறங்குங்கள்; வேகமாகச் சறுக்கினால் டிசெண்டர் சூடேறிக் கயிற்றின் மேலுறையை உருக்கும்.

முதல் பாடத்தைப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் நிற்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உறுதியான மாமரக் கிளையில் கயிற்றைக் கட்டி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொங்கியபடி ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கும் இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கும் மாறிப் பழகுங்கள். புதிய பிடிப்பு எடையைத் தாங்கிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். கையுறையோடு, இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் நான் இதை இருபது முறை செய்த பிறகுதான் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன்.