நெகட்டிவில் ரோஸ் நிறம் ஏறிவிட்டால் என்ன செய்வது?

கும்பகோணம் படித்துறையில் காவிரியைப் படம் எடுத்து வந்து, வீட்டிலேயே ஃபிலிம் கழுவிக் கொடியில் தொங்கவிடுகிறீர்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோஸ் நிறத்தில் நிற்கிறது. என் முதல் டி-மேக்ஸ் (கோடாக்கின் கறுப்பு வெள்ளை ஃபிலிம்) ரோலும் அப்படித்தான் வந்தது. போர் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தேன். உண்மையில் ஃபிக்சரில், அதாவது ஃபிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும் கரைசலில், போதிய நேரம் வைக்கவில்லை.

முதலில் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்து ரோஸ் சாயல் மட்டும் தெரிந்தால், ஃபிலிமுக்கு ஒளியுணர்வு தரும் சாயம் மிச்சமிருக்கிறது. டி-மேக்ஸ், இல்ஃபோர்டின் டெல்டா ஃபிலிம் வகைகளில் இது அதிகம். பால் போல மங்கியிருந்தால் வெள்ளி உப்பு முழுதாகக் கரையவில்லை, அதைத்தான் உடனே சரிசெய்ய வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் லேசான சாம்பல் நிறம் இயல்பு, விட்டுவிடுங்கள்.

அடுத்து ஃபிக்சரைச் சோதியுங்கள். பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பது இதைத்தான். கழுவாத ஃபிலிம் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு ஃபிக்சர் விட்டு, அரை நிமிடம் கழித்துத் துண்டை முழுதாக ஃபிக்சரில் போடுங்கள். சொட்டு விழுந்த வட்டம் சுற்றிலும் உள்ள இடத்தோடு கலந்து மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். சாதாரண ஃபிலிமுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, டி-மேக்ஸ், டெல்டாவுக்கு மூன்று மடங்கு நேரம் ஃபிக்சரில் இருக்கட்டும். புதிய ஃபிக்சரில் ஆனதைவிட இரட்டிப்பு நேரம் எடுத்தால் அந்தக் கரைசல் தீர்ந்துவிட்டது, வேறு கலக்குங்கள். தயவுசெய்து இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஒரு ரோலைக் காப்பாற்றுவது இந்த ஒரு துண்டுதான்.

ஏற்கெனவே காய்ந்த ஃபிலிமா? சற்று நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, புதிய ஃபிக்சரில் மறுபடி போடுங்கள். வெளிச்சத்திலேயே செய்யலாம்.

அப்புறம் அலசுதல். ஃபிலிம் கழுவும் மூடி போட்ட டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மாற்றி 10 முறை, மீண்டும் மாற்றி 20 முறை. இன்னும் ரோஸ் தெரிந்தால், லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்து, சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள்.

சித்திரை வெயிலில் நம் பக்கம் மாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கொதிக்கும். அதில் அலசினால் ஃபிலிமின் மேல்பூச்சு இளகி, விரல் பட்டாலே கீறும். விடியற்காலையில் செய்யுங்கள், ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி வாளியில் மிதக்கவிட்டால் 20 டிகிரி பக்கம் கொண்டுவரலாம்.

கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள், உப்புத் திட்டு விழாது. இத்தனைக்குப் பிறகும் மெல்லிய ரோஸ் சாயல் இருந்தால் கவலை வேண்டாம். ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தால் தானாகவே வெளுக்கும். அப்படியே ஸ்கேன் செய்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.