ஊராட்சிக் கணக்கில் ஓட்டை இருந்தால்: பார்க்கும் முறையும் புகார் செய்யும் முறையும்

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் முறைகேடு எளிதாக நுழையும் இடம் பெரிய ஒப்பந்தங்கள் அல்ல. தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது என்று யாரும் எண்ணிப் பார்க்காத சில்லறைச் செலவுகளும், கையால் எழுதித் தரும் வரி ரசீதுமே. கார்பன் தாளை உருவிவிட்டு உங்கள் ரசீதில் 850 ரூபாயும் அலுவலக நகலில் 350 ரூபாயும் எழுதுவது பழைய உத்தி. ஆகவே வீட்டு வரியை இணையவழியில் செலுத்துவது நல்லது. கையெழுத்து ரசீதுதான் கிடைத்தது என்றால், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதும் பதிவேடு) உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வேகமாக வாசிக்கப்படும்போது, "எந்தத் தெருவுக்கு, எந்தத் தேதியில், எத்தனை பல்பு?" என்று ஒரே ஒரு செலவைப் பற்றிக் கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். வார்டு உறுப்பினர்கள் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. அவசரம் என்று சொல்லி நீட்டப்படும் பக்கத்தில்தான் பிறகு தீர்மானம் முளைக்கும்.

சந்தேகம் உறுதிப்பட ஆவணம் வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "அனைத்துக் கணக்குகளும்" என்று கேட்காமல், குறிப்பிட்ட நிதியாண்டின் பிளீச்சிங் பவுடர் பற்றுச்சீட்டு, இருப்புப் பதிவேட்டின் பக்கம் என்று குறுக்கிக் கேளுங்கள். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதே சட்டம் இடமளிக்கிறது. போட்ட ஆறு மாதத்தில் பெயரும் சிமென்ட் சாலைக்கு அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையின் நீள, அகல, கன அளவுகளைப் பதியும் ஏடு) நகலும் ஓர் அளவு நாடாவும் போதும்.

லஞ்சம் கேட்கப்பட்டால் வழி வேறு. கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் செல்லுங்கள். சாட்சிகள் முன்னிலையில், நீங்கள் கொடுக்கப்போகும் நோட்டுகளில் பினாப்தலீன் தூள் தடவப்படும். வாங்கியவரின் கை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைந்ததும் நீர் இளஞ்சிவப்பாகும். வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டவர் 7 நாட்களுக்குள் தெரிவித்தால், 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர் குற்றவாளியாக மாட்டார்.

ஊராட்சி செயலர் மீதான கையாடல், கடமை தவறிய புகார்களை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (கிராம ஊராட்சி) கொடுத்து, ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் நகல் அனுப்புங்கள். தலைவர் மீதான புகார் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்குச் செல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின் கீழ் பதவி நீக்க நடவடிக்கையைத் தொடங்குபவர் அவரே. இவை தவிர, உள்ளாட்சிகளுக்கென்றே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறைமன்ற நடுவம் (ஆம்புட்ஸ்மன்) என்ற புகார் விசாரணை அமைப்பும் உண்டு.

மனுவில் நீங்கள் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். மொட்டைக் கடிதத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். விசாரிக்க வருபவருக்குக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. மூல ஆவணங்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் இணைத்து, ஒப்புகைச் சீட்டில் தேதியும் முத்திரையும் விழுந்த பிறகே அலுவலகத்தை விட்டு வெளியேறுங்கள், இரண்டு மாதம் கழித்துப் போய் நிற்கும்போது "எந்த மனு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.