டெர்மினல் உள்ளீட்டு முறைகள்: மாற்றுவதும் மீட்பதும்

லினக்ஸில் நீங்கள் தட்டும் எழுத்து நேராக நிரலுக்குப் போவதில்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிடிஒய் அடுக்கு, அதாவது டெர்மினலைக் கையாளும் பகுதி, அதை வரியாகச் சேர்த்து, பேக்ஸ்பேஸ், கண்ட்ரோல்-யூ திருத்தங்களையும் அங்கேயே முடித்து, என்டர் தட்டிய பிறகுதான் கொடுக்கும். இது கனானிகல் முறை. மெனு, விளையாட்டு போன்றவற்றுக்கு ஒவ்வொரு விசையும் உடனே வேண்டும். அப்போதுதான் இதை அணைக்க வேண்டிவரும்.

எதைத் தொடும் முன்பும் 'எஸ்டிடிஒய் -ஜி' (எஸ்டிடிஒய் என்பது டெர்மினல் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் கட்டளை) கொடுத்து இப்போதைய நிலையைச் சேமியுங்கள். ஷெல் ஸ்கிரிப்டில் அந்த வெளியீட்டை ஒரு மாறியில் வைத்து, 'டிராப்' என்ற ஷெல் கட்டளை மூலம் வெளியேறும்போது திரும்பப் போடுங்கள். பைத்தானில் அதே வேலையை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் செய்யுங்கள். இதை விட்டால் என்ன ஆகும்? கடவுச்சொல் கேட்கும் ஸ்கிரிப்ட் எக்கோவை (தட்டுவதைத் திரையில் காட்டும் அமைப்பு) அணைத்த கையோடு பிழையில் நின்றுவிடும். அதன் பிறகு தட்டுவது திரையில் தெரியாது, ஆனால் கட்டளை ஓடும்.

மாற்றத்தைக் கண்ணால் பார்க்க: 'எஸ்டிடிஒய் -ஐகேனான்; கேட்' (கேட் என்பது உள்ளீட்டை அப்படியே திரும்ப எழுதும் நிரல்). 'அ' என்று தட்டினால் உடனே இரண்டு 'அ' விழும்: ஒன்று எக்கோ, மற்றது கேட் எழுதியது. இங்கே கண்ட்ரோல்-டி வேலை செய்யாது, அதுவும் கனானிகல் முறையின் வசதிதான். கண்ட்ரோல்-சி கொடுத்து வெளியே வாருங்கள்.

தட்டுவதை அப்படியே நிரலுக்குக் கொடுக்கும் முழு ரா முறைக்குத் தாவ வேண்டாம். அதில் கண்ட்ரோல்-சியும் வெறும் எழுத்தாகிவிடும். நிரல் சிக்கிக்கொண்டால் இன்னொரு டெர்மினலிலிருந்துதான் கொல்ல வேண்டும். பெரும்பாலான நிரல்களுக்கு சிபிரேக் முறை போதும். வரிச் சேர்ப்பு மட்டும் போகும், சிக்னல்கள் (கண்ட்ரோல்-சி நிரலுக்கு அனுப்புவது போன்ற நிறுத்தச் செய்திகள்) இருக்கும்.

விசைக்கான காத்திருப்பை மின் (குறைந்தபட்ச பைட் எண்ணிக்கை), டைம் (காத்திருக்கும் நேரம்) என்ற இரண்டு மதிப்புகள் தீர்மானிக்கின்றன. மின் 1, டைம் 0 என்றால் ஒரு விசை வரும்வரை நிற்கும். மின் 0, டைம் 5 என்றால் அரை நொடி பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும், ஏனெனில் டைமின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அம்புக்குறி விசைகளுக்கு இது அவசியம்: மேல் அம்பு பொதுவாக 3 பைட்டுகளாக வரும், முதலாவது எஸ்கேப் (27). 27 வந்ததும் மின் 0, டைம் 1 வைத்து மறுபடி படியுங்கள். ஒன்றும் வராவிட்டால் தட்டியது எஸ்கேப் விசையேதான்.

டெர்மினல் குழம்பிவிட்டால் கண்ட்ரோல்-ஜே, 'எஸ்டிடிஒய் சேன்' (அமைப்புகளை இயல்புக்குக் கொண்டுவரும்), மீண்டும் கண்ட்ரோல்-ஜே. என்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே ஏன் என்றால், என்டர் அனுப்புவது 13 என்ற குறியெண். அதைப் புதுவரிக்கான 10 ஆக மாற்றும் அமைப்பு அணைந்திருந்தால் '^எம்' மட்டுமே விழும். எழுத்துருவும் வண்ணமும் கெட்டிருந்தால் 'ரீசெட்'. திரை உறைந்து நின்றால் முதலில் கண்ட்ரோல்-க்யூ தட்டிப் பாருங்கள், கை தவறி, வெளியீட்டை நிறுத்தும் கண்ட்ரோல்-எஸ் பட்டிருக்கும். இந்த நிறுத்தும் வசதி வேண்டவே வேண்டாம் என்றால் 'எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன்'.